ஒரு சுற்றுக்கு ஆறரை அங்குலம்

எதிர்வீட்டு லாரிக்காரருக்கு இரண்டாவது குடும்பம் இருக்கிறது என்ற பேச்சு கிளம்பியதற்கு நான் விற்ற டயர்கள்தான் காரணம். சத்தியமாகச் சொல்கிறேன், விற்கும்போது எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. அவை என் கடையை விட்டுப் போனால் போதும் என்பதுதான் எண்ணம்.

ஒரு பஸ் கம்பெனிக்காரன் அறுபது டயர் கேட்டான். எல்லாம் ரீட்ரெட், அதாவது பழைய டயர் மேல் புது ரப்பர் ஒட்டியவை. ஒன்பது-இருபது அளவு. வரவழைத்து அடுக்கிய பிறகு வேண்டாம் என்றுவிட்டான். கடையில் பாதி இடத்தை அவைதான் பிடித்துக்கொண்டிருந்தன. கல்லாவுக்குப் போக நானே ஒருக்களித்து நடக்க வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்து லாரிகள் எல்லாம் பத்து-இருபது மாட்டுபவை. முதல் எண் டயரின் பருமன், இரண்டாவது எண் நடுவில் இருக்கும் ரிம்மின் அளவு. ரிம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், எதை வைத்தாலும் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொள்வது டயரா ஆளா என்பது பிற்பாடு தெரியவரும்.

லாரிக்காரர் வந்தது ஒரே ஒரு டயருக்கு. முன் சக்கரத்தில் கம்பி கிழித்துவிட்டது. மற்ற ஐந்தும் மூன்று மாதம் ஓடிய நல்ல சரக்கு. ஆனாலும் மனிதர் பேரம் பேசுகிறவர். பேரம் பேசுகிறவரை நான் என்றைக்கும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

"அண்ணே, உங்க வண்டியில என்ன ஏத்துறீங்க?" என்றேன்.

"தெரியாத மாதிரி கேக்குறீங்க. மச்சான் ஃபேக்டரி மெத்தைதான்."

"ஃபோம் மெத்தை. அதாவது காத்து. துணி போட்டு மூடின காத்து. காத்து ஏத்துற வண்டிக்கு எதுக்கு யானைக்கால்? ஒன்பது-இருபது போடுங்க. வண்டி மான் மாதிரி ஓடும்."

"மைலேஜ் ஏறுமா?"

இந்த இடத்தில் நான் பொய் சொல்லவில்லை. இருமினேன். இருமலை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

ஒரு டயர் வாங்க வந்தவர் ஆறு டயரோடு போனார். அவருடைய ஐந்து நல்ல டயர்கள் மாற்றுக்கு என்று என் கடை மூலையில் உட்கார்ந்துகொண்டன.

ஒரு வாரம் கழித்து, பட்டப்பகலில், கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரனை ஒரு நிமிடம் விடாமல் அமுக்கினார். டயர் வெடித்துவிட்டது என்று நினைத்துப் பின்வாசலைப் பார்த்தேன். இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"அண்ணே! நாலேகால்!"

அவர் கணக்குப் போடும் முறை எல்லோருக்கும் தெரியும். புறப்படும்போது டேங்கை வாய்வரை நிரப்புவார். இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்துக் கடையில் மெத்தையை இறக்கிவிட்டுத் திரும்பி, அதே பம்பில் மறுபடி வாய்வரை நிரப்புவார். மீட்டரில் ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுப்பார். எட்டு வருடமாக நானூறு கிலோமீட்டர், நூறு லிட்டர். லிட்டருக்கு நாலு. கல்வெட்டு மாதிரி மாறாத கணக்கு.

இப்போது மீட்டர் நானூற்று இருபத்தொன்று காட்டியது. டீசல் நூற்றிரண்டு லிட்டர். வகுத்தால் நாலு புள்ளி ஒன்று மூன்று வரும். அதை நாலேகால் ஆக்கியது அவருடைய கைவண்ணம். சில்லறையை மேலே ஏற்றிச் சொல்வது எங்கள் தெருவில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான்.

"வேகமும் கூடிருச்சுண்ணே. முன்ன அறுபதுல போற எடத்துல இப்போ அறுபத்திமூணு காட்டுது!"

"எத்தனை மணிக்குப் போய்ச் சேந்தீங்க?"

"எப்பவும் சேர்ற நேரம்தான்."

அறுபத்துமூன்றில் போனவர் அறுபதில் போன நேரத்துக்கே எப்படிச் சேர்ந்தார் என்று அவரும் யோசிக்கவில்லை. நானும் தூண்டிவிடவில்லை. கடையில் இன்னும் ஐம்பத்துநாலு டயர் இருந்தது.

அந்த வாரமே லாரி உரிமையாளர் சங்கத்தில் அவருக்கு 'நாலேகால்' என்று பெயர் விழுந்தது. சங்கக் கட்டிடத்தில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலி எப்போதும் தலைவருடையது. பழைய தலைவரே எழுந்து அதை இவருக்குக் கொடுத்தார். எட்டுப் பேர் என் கடைக்கு வந்து ஆறு ஆறாக நாற்பத்தெட்டு டயர் எடுத்துப்போனார்கள். நான் நேராக நடக்க ஆரம்பித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத் தேர்தல். நாலேகால்தான் தலைவர் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அவருடைய மனைவி ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டார்.

அந்தத் தங்கச்சி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு அண்ணன் ஃபேக்டரிக்கு மெத்தை உறை தைக்கிறவர். துணி வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். ஒரு சாண் துணி குறைந்தாலும் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார். ஊரே நாலேகாலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் நானூற்று இருபத்தொன்றைப் பார்த்தார்.

ஒரு சாயங்காலம் அவருடைய அண்ணன், மெத்தை ஃபேக்டரி முதலாளி, எதிர்வீட்டுக்கு வந்தார். ஜன்னல் திறந்திருந்தது. நான் கடையில் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பஞ்சருக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

"மாப்பிள்ளை, போக எவ்வளவு?"

"இருநூறு, மச்சான்."

"வர?"

"இருநூறு."

"நானூறு ஆச்சு. மிச்சம் இருபத்தொண்ணு எங்க?"

"ரோடு பூரா பள்ளம் மச்சான். வளைச்சு வளைச்சு ஓட்டுறேன்."

"இருபத்தொரு கிலோமீட்டருக்கு வளைச்சீங்களா? பள்ளத்தைச் சுத்தி வந்தீங்களா, பக்கத்து ஊரைச் சுத்தி வந்தீங்களா?"

"மூணு ட்ரிப்பும் நானூத்தி இருபத்தொண்ணுதாண்ணா," என்றது தங்கச்சியின் குரல். சத்தம் போடாத குரல். அதுதான் எனக்கே பயமாக இருந்தது. "பள்ளம்னா ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். இது கடிகாரம் மாதிரி இருக்கு. யாரோ நேரம் சொல்லி வரச் சொன்ன மாதிரி இருக்கு."

"நீ என்ன பேசுறே?" என்றார் நாலேகால். "மைலேஜைப் பாரு! ஊரே கொண்டாடுது!"

"அதைத்தாங்க நானும் கேக்குறேன். மைலேஜ் நெசம்னா இருபத்தொரு கிலோமீட்டரும் நெசம். அப்போ எங்க போனீங்க? எங்கயும் போகலைன்னா மைலேஜ் பொய். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

நாலேகால் லாரியைத் துடைக்க வாசலுக்கு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்குப் படுக்கை லாரியில். முதல் நாள் லாரி நிறைய மெத்தை இருந்ததால் ராஜா மாதிரி படுத்தார். மறுநாள் தங்கச்சி ஆள் வைத்து மெத்தைகளை இறக்கிவிட்டார். மச்சானும் சும்மா இருக்கவில்லை. நகரத்துக்கு முன்னால் வலது பக்கம் பத்தரைக் கிலோமீட்டரில் என்னென்ன ஊர் இருக்கிறது என்று ஃபேக்டரியில் வேலை செய்கிற அத்தனை பேரிடமும் விசாரித்தார். பத்தரை போக, பத்தரை வர. ஆக இரண்டே நாளில் அந்த ஊரும் முடிவாகிவிட்டது, வீட்டு நிறமும் முடிவாகிவிட்டது. பச்சை பெயின்ட் என்றார்கள்.

எனக்கு மனது கேட்கவில்லை. வியாபாரிக்கும் மனது உண்டு. சரக்கு தீர்ந்த பிறகு வேலை செய்யும். வியாழக்கிழமை காலையில் போனேன். லாரியின் பக்கக் கண்ணாடியில் பார்த்து முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு விஷயம். உங்க மீட்டருக்கு ரோடு தெரியாது."

"என்ன சொல்றீங்க?"

"மீட்டரு ரோட்டைப் பாத்து எண்ணுறதில்ல. கியர்பாக்ஸ் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணுது. ஒரு சுத்துக்கு இவ்வளவு தூரம்னு கம்பெனிக்காரன் பெரிய டயரை வச்சு சொல்லிக் குடுத்துட்டான். நாம சின்ன டயர் போட்டோம். அதே தூரத்துக்கு சக்கரம் அதிகமா சுத்துது. மீட்டர் பாவம், அவ்வளவு தூரம் போனோம்னு நெனச்சுக்குது."

ரேசர் கன்னத்திலேயே நின்றுவிட்டது. "அப்போ இருபத்தொரு கிலோமீட்டர்?"

"இல்லவே இல்ல."

"நாலேகால்?"

"அதுவும் இல்ல. முன்ன நூறு லிட்டர், இப்போ நூத்திரெண்டு. அதே நானூறு கிலோமீட்டர். குறைஞ்சிருக்குண்ணே. சக்கரம் அதிகமா சுத்தினா பின் அச்சுல இருக்கிற கிரவுன் பல்சக்கரம் அதிகமா சுத்தணும், கிரவுன் சுத்தினா இன்ஜின் சுத்தணும். சும்மா சுத்துமா? குடிக்கும். கல்லு ஏத்திக்கிட்டு மலை ஏறுறவனுக்கு இது சரி. எல்லா கியரும் ஒரு படி எறங்கின மாதிரி, இழுவை கூடும். நீங்க மெத்தையை வச்சுக்கிட்டு தட்டையான ரோட்ல போறீங்க. உங்களுக்கு எதுக்கு இழுவை? பெரிய டயர் மெதுவா சுத்தி, இன்ஜின் நிதானமா போறதுதான் உங்களுக்கு லாபம்."

"இது தெரிஞ்சும் எனக்கு வித்தீங்களா?"

இருமினேன்.

அவர் என்னை அடிப்பார் என்று அரை அடி தள்ளித்தான் நின்றேன். அவரோ வழிந்த சோப்பைத் துடைத்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணே."

"என்னது? வீட்ல சொன்னா இன்னிக்கே உள்ள விட்ருவாங்களே!"

"ஞாயித்துக்கிழமை தேர்தல். எட்டுப் பேரு என் பேச்சைக் கேட்டு டயர் மாத்திட்டானுங்க. இப்போ போயி நான் முட்டாள்னு சொல்லணுமா? சின்ன வீடு இருக்குன்னா ஊர்ல ரெண்டு நாள் பேசுவான். முட்டாள்னா சாகிறவரைக்கும் பேசுவான்."

"வீட்ல?"

"அவ எங்க போகப்போறா? தேர்தல் முடிஞ்சதும் சொல்லிக்கிறேன்."

அவள் எங்கே போகப்போகிறாள் என்று அவர் நிதானமாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்கு என்ன பிடிக்கிறது என்று யார் கேட்டார்கள்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் தங்கச்சி கடைக்கு வந்தார். கழுத்தில் தையல் டேப். கையில் சுண்ணாம்புக்கட்டி. பின்னால் எதிர்வாடையில் லாரி நின்றுகொண்டிருந்தது. நாலேகால் எங்கோ ஓட்டுக் கேட்கப் போயிருந்தார்.

"அண்ணே, எங்க பழைய டயரு உங்ககிட்ட இருக்குல்ல?"

"இருக்கும்மா. எதுக்கு?"

"முன்ன சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவுல வெரலுதான் போகும். இப்போ கையே போகுது. வண்டி அண்ணன் சட்டையைப் போட்ட தம்பி மாதிரி நிக்குது. அளந்து பாக்கணும்."

எத்தனையோ மெக்கானிக் அந்த வண்டியைப் பார்த்தான். ஒருத்தன் கண்ணிலும் அது படவில்லை. நான் சொல்லியிருக்கலாம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நாலேகால் கேட்டிருந்தார். அதைவிட முக்கியம், எட்டு லாரிக்காரர்கள் திரும்பி வந்து நிற்கும் காட்சி மனதில் ஓடியது. பேசாமல் மூலையிலிருந்து ஒரு டயரை உருட்டிக் கொடுத்தேன்.

டேப் அறுபது அங்குலம்தான். சுண்ணாம்பால் குறி வைத்து, டேப்பை நகர்த்தி, மறுபடி வைத்து, பழைய டயரைச் சுற்றி அளந்தார். நூற்று முப்பது. தெருவைக் கடந்து போய் லாரிச் சக்கரத்தை அளந்தார். அதன் அடிப்பக்கம் தரையில் அழுந்தியிருந்ததால், சரிபார்க்க என்னிடம் மிச்சமிருந்த ஆறில் ஒன்றையும் எடுத்து அளந்தார். நூற்று இருபத்துமூன்றரை.

"ஆறரை அங்குலம் குறையுது," என்றார். கணக்குப் போடக் காகிதம் கேட்கவில்லை. தைக்கிறவர்களுக்கு அது விரலிலேயே இருக்கும். "நூத்தி முப்பதுல ஆறரை. இருபதுல ஒண்ணு. அப்போ பெருசு பத்தொம்பது சுத்துற எடத்துல சின்னது இருபது சுத்தணும். பத்தொம்பதுக்கு ஒண்ணு கூட." கண்ணை மூடிக்கொண்டார். "நானூறுல எத்தனை பத்தொம்பது இருக்கு அண்ணே?"

"நீயே சொல்லும்மா."

"இருபத்தொண்ணு."

அப்படியே அந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பு முழுக்கக் குடித்தார். இத்தனை நாள் சத்தம் போடாத குரலில் என்ன இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவருக்குத் தெரியுமா?" என்றார்.

நான் டயர்களைப் பார்த்தேன்.

"தெரியும். சரி. எப்போலேருந்து?"

"நேத்து காலையிலேருந்து."

"நேத்து ராத்திரியும் வெறும் பலகையில படுத்தாரே, அதுக்கப்புறமும் சொல்லலையா?" ஒரு நிமிடம் யோசித்தார். "தலைவர் நாக்காலிக்காக பச்சை பெயின்ட் வீட்டை ஒத்துக்கிட்டாரா மனுஷன்?"

"அப்படி ஒத்துக்கல. மறுக்கல."

"எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு சொல்லாதீங்க அண்ணே. ஞாயித்துக்கிழமை நானும் சங்கத்துக்கு வர்றேன். அவரா சொல்றாரான்னு பாக்கணும். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சு சொன்னா அதுல என்ன இருக்கு?"

இரண்டு நாள் இரண்டு ரகசியத்தைச் சுமந்தேன். அறுபது டயரைச் சுமந்ததே சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் நிற்க இடமில்லை. மின்விசிறி நாற்காலியில் நாலேகால், புதுச் சட்டையோடு. கடைசி வரிசையில் தங்கச்சியும் அவருடைய அண்ணனும். அண்ணன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரத்து மெத்தை லோடை வேறு லாரிக்குப் பேசிவிட்டதாகக் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

பழைய தலைவர் எழுந்து, "நம்ம நாலேகால் இப்போ மைலேஜ் ரகசியத்தைச் சொல்வாரு. அப்புறம் ஓட்டே தேவையில்ல, கை தூக்கினா போதும்," என்றார். விசில் பறந்தது.

நாலேகால் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "ரகசியம் என்னன்னா..." என்று ஆரம்பித்தவருடைய கண் கடைசி வரிசைக்குப் போனது. தங்கச்சி அவரை முறைக்கவில்லை, கெஞ்சவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வந்தால் ஏறலாம், வராவிட்டால் நடந்துவிடலாம் என்று.

"ரகசியம் என்னன்னா," என்றார் மறுபடி. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். "ஒரு ரகசியமும் இல்ல. நாலேகாலும் இல்ல. சின்ன டயர் போட்டா மீட்டர் கூடக் காட்டுது. அவ்வளவுதான். தூரம் அதே நானூறு. டீசல் ரெண்டு லிட்டர் கூடத்தான் குடிச்சிருக்கு. நான் வேற எங்கயும் போகல. என் பேச்சைக் கேட்டு டயர் மாத்தினவங்க திருப்பி மாத்திக்கங்க. நான் முட்டாளுதான்."

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அவரை முழங்கையால் இடித்து, கடைசி வரிசையைக் கண்ணால் காட்டினார். அவ்வளவுதான். ஹால் முழுக்கப் பற்றிக்கொண்டது.

"புரியுதுண்ணே, புரியுது! அண்ணி வந்திருக்காங்க!"

"என்னா மூளைய்யா! டயரு மேலயே பழியைப் போட்டாரு பாரு!"

"யோவ், நெசமாத்தான் சொல்றேன்!" என்று கத்தினார் நாலேகால். "டயர்க்கடைக்காரரைக் கேளுங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். எட்டு லாரிக்காரர்களும் திரும்பினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக இருமாமல் பதில் சொன்னேன்.

"அவர் சொல்றது உண்மை. தட்டையான ரோட்டுக்கு, லேசான லோடுக்கு, பெரிய டயர்தான் நல்லது."

"அதானே!" என்றார் பழைய தலைவர். "சின்ன டயர் ஸ்டாக் தீர்ந்திருச்சு. இப்போ பெரிய டயரு வந்து எறங்கியிருக்கும். யாருகிட்ட கதை உடுறீங்க?"

எங்கள் தொழிலில் இதுதான் கஷ்டம். பொய் சொன்னால் ஆறு ஆறாக எடுத்துப்போகிறார்கள். உண்மை சொன்னால் விளம்பரம் என்கிறார்கள்.

எல்லாக் கையும் மேலே போனது. நாலேகால் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதையும் ஒரு ஓட்டாக எண்ணிக்கொண்டார்கள். வெளியூரில் ஒரு வீடு, உள்ளூரில் ஒரு வீடு, இரண்டுக்கும் நடுவில் நாலேகால் மைலேஜ்! இவரைவிட நிர்வாகத் திறமை யாருக்கு இருக்கிறது என்பது சபையின் ஒருமித்த கருத்து. மாலை போட்டார்கள். கூட்டம் கலையும்போது சங்கச் செயலாளர், அறுபது வயது, பேத்தி எடுத்தவர், என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

"சின்ன டயரு இன்னும் ஆறு இருக்காமே?"

"உங்களுக்கு எதுக்கு அண்ணே?"

"வீட்ல கேட்டா சொல்றதுக்கு ஒரு காரணம் வேணும்ல?"

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் மாலையோடு தலைவர் நின்றுகொண்டிருந்தார். எதிரில் மச்சான். அவருடைய கைகள் இன்னும் கட்டியபடியே இருந்தன. தங்கச்சி நடுவில் வந்தார்.

"அண்ணா, லோடு இவருக்கே. நானே அளந்தேன். ஒரு சுத்துக்கு ஆறரை அங்குலம். இவர் எங்கயும் போகல."

"நீ அளந்தியா?" என்றார் தலைவர். "எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு நாளா என்னைப் பலகையில படுக்க வச்சியா?"

"தெரிஞ்சுக்கிட்டே நீங்களும் படுத்தீங்கல்ல?"

மச்சான் கைகளை அவிழ்த்துக்கொண்டார். வேறு ஒன்றும் செய்யத் தெரியாமல் மாலையிலிருந்து உதிர்ந்த ஒரு பூவைக் கீழிருந்து எடுத்து மறுபடி கீழே போட்டார்.

தலைவர் மாலையைக் கழற்றினார். "அங்க ஒருத்தனும் நம்பலையே," என்றார்.

"நான் நம்புறேன்ல? போதும். பெரிய டயரை இன்னிக்கே மாட்டச் சொல்லுங்க. நாளைக்கு வண்டி எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு. ஏன்?"

"நானும் வர்றேன்."

அவர் முகம் மறுபடி சுருங்கியது. "இன்னும் சந்தேகமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார் தங்கச்சி. "எட்டு வருஷமா நீங்க மட்டும்தான் போயிட்டு வர்றீங்க. அந்த ஊரு எப்படி இருக்கும்னு நானும் பாக்கணும்."